இருட்டில் பொய் சொல்லும் காது

2019 அக்டோபர் 6. ஹைதராபாத் பேகம்பேட்டிலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் விழுந்தது. மாணவர்கள் இருவரும் இறந்தனர். பகலில் நடந்த விபத்து அது. அப்போது அதிகம் பேசப்பட்டது மழையும் மேகமும்தான். மேகத்துக்குள் போனால் தொடுவானம் மறைந்துவிடும். இரவிலோ அதற்கு மேகமே தேவையில்லை.

சிறு விமானங்களின் இரவு விபத்துகள் பலவற்றில் இன்ஜின் கடைசி நொடிவரை ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஏமாற்றியது விமானியின் காது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் திரவம் அசைவதை வைத்தே உடல் திரும்புவதை மூளை அறிகிறது. விமானம் சாய்ந்தபடி ஒரே சீராகத் திரும்பினால், சிறிது நேரத்தில் திரவமும் அதே வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். நேராகப் போகிறோம் என்று விமானி நம்புவார். கருவியைப் பார்த்து நிமிர்த்தினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் தோன்றும். உடலை நம்பிப் பழைய சாய்வுக்கே திரும்புவார். உயரம் குறையும், மூக்கைத் தூக்கினால் வட்டம் இன்னும் இறுகும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில், ஆசிரியருடன் பறக்கவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில்!

1999 ஜூலையில் ஜான் கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் விமானம் இரவில் கடலில் விழுந்து மூவர் இறந்ததற்கும் திசைக்குழப்பமே காரணம் என்றது விசாரணை. அவருக்கு இரவில் பறந்த அனுபவம் சுமார் 55 மணி நேரம் இருந்தது.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கப்படும் 200 மணியில் இரவுக்கு ஒதுக்கியது ஐந்தே மணி. பத்துமுறை ஏறி, பத்துமுறை இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு இரவில் பொதுவாக அனுமதி இல்லை. ஃப்ளையிங் கிளப் பயிற்சி போன்றவற்றுக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சம்மதத்துடன், விலக்கு உண்டு. பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் பேகம்பேட் போன்ற ஊர் நடுவிலுள்ள ஓடுபாதையைச் சுற்றிவரும் மாணவருக்கு நகரத்தின் விளக்குகளே தொடுவானமாகிவிடுகின்றன. அவர் பழகுவது இரவுக்கு, இருட்டுக்கு அல்ல. தக்காணத்தின் பாறைக்காடுகள்மேல் விளக்கே இல்லாத கும்மிருட்டு எப்படியிருக்கும் என்பதை உரிமம் வாங்கிய பிறகு, வேலைக்குப் போன இடத்தில்தான் பார்ப்பார். பின்னால் பயணிகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

2011 மே 25 இரவு பாட்னாவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு வந்த ஒற்றை இன்ஜின் பிலாட்டஸ், ஃபரீதாபாத் குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் ஏழு பேர், வீடுகளில் மூன்று பேர் பலி. மோசமான வானிலை, தவறான கையாளல், திசைக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்றோ, எல்லாம் சேர்ந்தோ காரணமாகலாம் என்றது அறிக்கை.

ஐந்து மணி போதுமா என்ற கேள்வி ஒருபுறம். அந்த மணிகளைக் கழிக்கும்போதே ஆபத்து வருவதும் உண்டு. மத்தியப் பிரதேசம் ரீவா அருகே 2023 ஜனவரியில் இரவுப் பயிற்சியிலிருந்த விமானம் ஒன்று கோயில் கோபுரத்தில் மோதி விழுந்தது. மூத்த விமானி இறந்தார். மாணவர் காயத்துடன் பிழைத்தார்.