நால்வர் கூடிய மேடை

சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டு வாடகையைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் இசையைப் பற்றி எழுதப் புகுகின்றோம். நாம் இசை கற்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு நம் கல்வி முடிந்தது. அதன்பின் ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் செல்கின்றது. ஆயினும், பாடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும், கேட்பதற்குக் காது போதும் என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென உணர்ந்த வரலாறே இக்கட்டுரை.

நம் தம்பி கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகின்றான். சோலையார்பேட்டைக்கு அருகிலுள்ள நம் சிற்றூரிலிருந்து அவனை அழைத்து வந்து, ஸ்ரீராமபுரத்து வாடகை வீட்டில் நான்கு ஆண்டுகள் நம்முடன் வைத்திருந்தோம். அவனுக்கு ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் பற்று மிகுதி. இரவு உணவு முடிந்ததும் அதனைக் கேட்டுக்கொண்டே மேசைமீது விரல்களால் தாளமிடுவான். பொங்கலுக்கு மறுநாள், அலுவலகத்துக்கு அருகில் ஒயிட்பீல்டில் தனியே வீடு பார்க்கப் போவதாகக் கூறினான். நமக்குச் சினம் மூண்டது. மனத்திலிருந்த வருத்தத்தைச் சொல்ல நா எழாமல், "முதலில் அந்த இரைச்சலை நிறுத்து" என்றோம். அவன் நிறுத்தினான், பேச்சையும் உடன் நிறுத்தினான். இரண்டு திங்கள் ஒரே கூரையின் கீழ் 'சரி', 'இல்லை' என்னும் இரு சொற்களைக் கொண்டே வாழ்ந்தோம். இடையில் தூது சென்று சலித்தவள் நம் இல்லாள்தான்.

பங்குனியில் ஒருநாள் அவனே வாய் திறந்தான். "அண்ணா, ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காமல் இரைச்சல் என்று சொல்லிவிட்டீர்கள். ஒருநாள் என்னுடன் வந்து கேளுங்கள். நீங்கள் அழைக்கும் கச்சேரிக்கு நானும் வருகிறேன்" என்றான். இது நேர்மையான உடன்படிக்கை ஆதலின் ஒப்புக்கொண்டோம்.

நம் முறை முதலில் வந்தது. பெங்களூரில் வாழ்வோர்க்குச் சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. எஸ். வி. நாராயணசாமி ராவ் 1939-இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் இராமநவமி இசைவிழாப் பந்தல் அங்கேதான் எழும். நாங்கள் சென்ற மாலை மேடையில் நால்வர் அமர்ந்திருந்தனர்: பாடகர், வயலின், மிருதங்கம், கடம். நாம் வழக்கம்போல் பாடகரையே பார்த்துக்கொண்டு, தம்பியின் காதில் இராகத்தின் பெயர், தாளத்தின் பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து நாற்காலியில் இருந்த கன்னடப் பெரியவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சும்மனே கேளி, சுவாமி" என்றார். சும்மா கேளுங்கள் என்பது பொருள். வெட்கத்தோடு வாய் மூடினோம்.

வாய் மூடியபின்தான் கண் திறந்தது. பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியைப் பாடுகின்றார். வயலின் நிழல் போல் பின்னே செல்கின்றது. பின் பாடகர் நிறுத்தி, வயலினுக்கு இடம் விடுகின்றார். அந்நேரம் அவரும் நம்மைப் போல் ஒரு ரசிகராகித் தலையசைக்கின்றார். மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் அவர் குரல் கம்மிற்று. ஒரு நொடிதான். அதற்குள் வயலின் அந்த ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்து நிறுத்த, குரல் மீண்டு வந்து அதன்மேல் அமர்ந்தது. பந்தலில் பலர் அதனை அறிந்திலர். தம்பி நம் கையைத் தொட்டு, "பார்த்தீர்களா அண்ணா?" என்றான். இரண்டு திங்களுக்குப் பின் அவனாகக் கேட்ட முதற்கேள்வி அது.

தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசித்தால், கடம் இரண்டு ஆவர்த்தனம் விடை சொல்கின்றது. பின்னர் ஆளுக்கு ஒன்று, பின்னர்ப் பாதி, பின்னர்க் கால். குறைப்பு என்று இதனைச் சொல்வர். இடைவெளி சுருங்கச் சுருங்க, ஒருவர் முடிப்பதற்குமுன் மற்றவர் அதனை உணர்ந்திருக்க வேண்டும். இறுதியில் இருவரும் சேர்ந்து கோர்வையை மும்முறை வாசித்து முடிக்கும் அதே புள்ளியில் பாடகர் பாட்டை எடுத்தார். எவரும் எவர்க்கும் சைகை காட்டவில்லை. கண்கள் மட்டும் பேசிக்கொண்டன.

நம் தொழிலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்தார், அடுத்த நிலையத்தாரிடம் லைன் கிளியர் கேட்டுப் பெறாமல் வண்டியை விடமாட்டார். கேட்பவர் பெரியவர், கொடுப்பவர் சிறியவர் என்னும் வேற்றுமை அங்கே இல்லை. பெரிய விரைவு வண்டியாயினும், சிற்றூர் நிலையத்தார் வழி தந்தால்தான் நகரும். பக்கவாத்தியம் என்பது பணியாள் வேலை என்று எண்ணியிருந்த நமக்கு, அஃது அடுத்த நிலையம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

மறுவாரம் தம்பியின் முறை. நகரின் கிழக்கே ஒரு சிறு அரங்கம், அங்கும் நால்வர். சாக்சபோன், பியானோ, ஆளுயரத்தில் நின்ற பாஸ் என்னும் நரம்புக்கருவி, டிரம்ஸ். முதல் கால் மணி நேரம் நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது; சும்மா கேட்டோம். மெல்ல ஓர் ஒழுங்கு தோன்றிற்று. நால்வரும் முதலில் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றனர். பின்னர் அம்மெட்டின் அமைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒருவர்பின் ஒருவராகக் கற்பனையில் விரிக்கின்றனர். பின்னர்ச் சாக்சபோனும் டிரம்ஸும் நான்கு நான்கு தாளக்கட்டுகளாக மாறிமாறி உரையாடுகின்றன. நம்மை அறியாமல், "இது குறைப்பு அல்லவா?" என்றோம். தம்பி சிரித்தான். "ஏறக்குறைய அப்படித்தான் அண்ணா" என்றான்.

ஒரு கட்டத்தில் பியானோ வாசித்தவர் இரு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். களைத்துவிட்டாரோ என்று நினைத்தோம். "சாக்சபோன் புதிதாக ஒன்றைத் தேடுகிறது, வழி விட்டிருக்கிறார்" என்று தம்பி மெல்லச் சொன்னான். உண்மைதான். அவர் முகத்தில் களைப்பு இல்லை. குழந்தை நடை பழகுவதைப் பார்க்கும் தாயின் முகம் அது. பாஸ் ஒன்றே அடியில் நடந்துகொண்டிருக்க, சாக்சபோன் எங்கெங்கோ சென்று தேடியதைக் கண்டு திரும்பிற்று. அந்நொடியில் பியானோ மீண்டும் சேர்ந்துகொண்டது. அரங்கம் கைதட்டிற்று, நாமும் தட்டினோம்.

திரும்பும் வழியெல்லாம் தம்பி பேசிக்கொண்டே வந்தான். 1958-இல் டேவ் புரூபெக் என்னும் அமெரிக்கர் தம் நால்வர் குழுவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தாராம். பம்பாயில் சித்தார் மேதை அப்துல் ஹலீம் ஜாபர் கானோடு சேர்ந்து வாசித்தாராம். மறு ஆண்டு அக்குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. கண்டசாபு கேட்டுப் பழகிய நம் காதுக்கு ஐந்து புதிதன்று. அக்குழுவில் சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்டே அதனை இயற்றியவர்.

ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் கிதாருடன், நம் எல். சங்கர் வயலினும், விக்கு விநாயகராம் கடமும், ஜாகிர் உசேன் தபலாவும் சேர்ந்து 1970-களில் 'சக்தி' என்னும் குழுவாயினர். மயிலாப்பூரில் கேட்கும் அதே கடம் அமெரிக்க அரங்குகளில் ஒலித்தது. அக்குழு பின்னாளில் புதிய உறுப்பினரோடு வெளியிட்ட தொகுப்பு 2024-இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். நம் பெங்களூரும் இதில் பின்தங்கவில்லை. மிருதங்க வித்துவான் டி. ஏ. எஸ். மணி 1964-இல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினர், ஆர். ஏ. ராமமணியின் பாட்டோடும் அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் சார்லி மாரியானோவோடும் இணைந்து 1983-இல் 'ஜோதி' என்னும் இசைத்தட்டை அளித்தனர்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஓர் இசைத்தொகுப்பை ஒலிக்கச் செய்தான். தென்கன்னட மாவட்டத்தவரான கத்ரி கோபால்நாத் அதில் வாசித்திருந்தார். சாக்சபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய அவரை, 1994-இல் வந்த 'டூயட்' படத்தால் தமிழர் அனைவரும் அறிவர். அவரும், கன்னடக் குடும்பத்து அமெரிக்கரான ருத்ரேஷ் மகந்தப்பாவும் இரு சாக்சபோன்களோடு ஜாஸும் கர்நாடகமும் கலந்து 2008-இல் வெளியிட்ட தொகுப்பு அது. அதன் ஆங்கிலப் பெயருக்கு உறவினர் என்று பொருள். தமிழில் சொன்னால், கேளிர்.

அன்பர்களே, அன்றிரவு அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. 'கேள்' என்றால் காதால் கேட்பது, வினவுவதும் கேட்பதே. பழந்தமிழில் உறவுக்கும் கேள் என்று பெயர். பந்தலில் பெரியவர் சொன்ன கன்னடச் சொல்லும் அதுவே. வீட்டின் தலைவர் என்னும் முறையில் நம்மைப் பாடகராகவும், மற்றவரைப் பக்கவாத்தியமாகவும் எண்ணியிருந்தோம். ஆனால் நாம் கண்ட பாடகரோ பாதி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளில் தம்பியின் பேச்சுக்கு நடுவே ஒருமுறையேனும் நாம் கையை மடியில் வைத்தோமா? தனிவீடு ஏன் என்று அவனை வினவவும் இல்லையே!

மறுநாள் காலை வினவினோம். நாள்தோறும் போகவர மூன்று மணி நேரம் பயணத்தில் கழிவதாகவும், இரவில் வந்து நம் குழந்தைகளின் உறக்கத்தைக் கெடுக்க மனம் இல்லையென்றும் சொன்னான். நம்மை வெறுத்துப் போகிறான் என்றல்லவா நாம் எண்ணியிருந்தோம்!

சித்திரையில் அவன் ஒயிட்பீல்டுக்குக் குடிபெயர்ந்தான். அரிசி மூட்டையையும், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஊறுகாய்ச் சாடியையும் நாமே சுமந்து சென்று வைத்துவிட்டு வந்தோம். அன்று மாலை வீடு வெறிச்சோடிக் கிடந்தது உண்மை, அதனை மறைப்பானேன்? ஞாயிறுதோறும் மெட்ரோவில் வருகின்றான். அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கப் பழகி வருகின்றோம், முழுதும் கைவந்தபாடில்லை.

இனி இராமநவமிப் பந்தலுக்குச் செல்லும் அன்பர்கள், பக்கவாத்தியக்காரர்களின் கண்கள் தெரியும் இடமாகப் பார்த்து அமருங்கள். வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் இசை எதுவாயினும், ஒரு பாட்டையேனும் அவர்களோடு இறுதிவரை கேளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டா, சும்மனே கேளுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.