புகையில்லா அடுப்பும் குடியானவர் பொறுப்பும்

குடியானவர் ஒருவர் தமது கிணற்றை உரிய காலத்தில் தூர் வாருகிறார். வண்டியின் அச்சுக்கு மை இடுகிறார். எண்ணெய் இயந்திரமாயினும் மின்சார மோட்டாராயினும் அதன் ஓசை சிறிது மாறினால் உடனே ஆளை அழைத்துக் காட்டுகிறார். ஆனால் அவர் வீட்டில் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் ஓய்வின்றி வேலை செய்யும் கருவி ஒன்று உண்டு. அதனை யாரும் கருவி என்று கணக்கில் வைப்பதில்லை. அதுவே அடுப்பு. அது பெண்டிர் விஷயம் என்று ஒதுக்கிவிடப்படுகிறது. அதைக் கட்டுவதும் மெழுகுவதும் பெண்டிர். அதன் புகையைக் குடிப்பதும் பெண்டிரும், அவர் மடியிலுள்ள குழந்தைகளுமே.

எரிவாயு வந்துவிட்ட இந்நாளில் விறகடுப்பைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ஆம் வருஷத்தில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்னும் பின்னும் செய்யப்பட்ட முயற்சிகளாலும் கிராமங்களில் எரிவாயு பரவியிருப்பது உண்மையே. ஆயினும் நெல் அவிப்பதற்கும், வெந்நீர் போடுவதற்கும், மாட்டுக்குத் தீனி வேகவைப்பதற்கும், கல்யாணம் கருமாதிகளுக்கும் விறகே எரிகிறது. சிலிண்டர் தீர்ந்து மறு சிலிண்டருக்குக் கையில் பணம் சேரும் வரையில் சோறும் விறகடுப்பிலேயே வேகிறது. தோட்டத்தில் பருத்தி மாரும், துவரை மிளாரும், தென்னை மட்டையும் சும்மா கிடக்கும்போது குடியானவர் வீட்டில் அடுப்பு முழுதும் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது உலக அநுபவத்திற்கு ஒத்ததன்று. ஒழியாத ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொள்வதே விவேகம்.

அடுப்புப் புகையைக் கண்ணில் நீர் வரச் செய்யும் அற்பத் தொல்லை என்று கருதுவோர் பலர். வீட்டினுள் எரிபொருட் புகையால் உலகெங்கும் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தைகளின் நிமோனியாக் காய்ச்சல், நாட்பட்ட மூச்சடைப்பு, இருதய நோய், மூளை இரத்தக்குழாய் அடைப்பு, நுரையீரற் புற்று ஆகியவை அப்புகையோடு தொடர்புடையவை. பெண்களுக்குக் கண்புரை விழுவதற்கும் அது ஒரு காரணம். இவையன்றிக் கண்ணுக்குப் புலப்படாத அபாயம் மற்றொன்றும் உண்டு. விறகோ கரியோ காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிர்ந்த மலைப் பிரதேசங்களில் கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாமற் போவதற்குக் காரணம் இதுவே. தணல் புகையாமலிருந்தால் அபாயமில்லை என்று எண்ணுவது பெருந்தவறு.

உழவுத் தொழிலைப் பற்றியவரையில் அடுப்பு மற்றொரு விதத்திலும் முக்கியமானது. டாக்டர் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் இந்திய விவசாயத்தை நேரில் ஆராய்ந்து 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்நாட்டுக் குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகு கிடையாமையாலேயே என்று எடுத்துக்காட்டினார். அக்கூற்று இன்றும் பல ஊர்களுக்குப் பொருந்தும். திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குச் சேருகிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. அடுப்பு திருந்தினால் விறகு மிஞ்சும். விறகு மிஞ்சினால் வராட்டி குறையும். வராட்டி குறைந்த அளவுக்கு எருக்குழி நிறையும். நிலத்துக்கு எரு போதவில்லை என்று முறையிடும் மிராசுதார் ஒருவர், தம் வீட்டு அடுப்பின் வாயை முதலில் சென்று பார்ப்பது நலம்.

புகைபோக்கி வைத்த அடுப்பு புதிய சரக்கு அன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர் மண்ணால் கட்டும் அத்தகைய அடுப்பைச் சீர்ப்படுத்தி, அதைப் பற்றி 1953-இல் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் 1983-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் நாடு முழுதும் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பத் திட்டம் வகுத்தது. அது 2002-ஐ ஒட்டி முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டதாகக் கணக்கு. அவ்வடுப்புகளில் பல சில வருஷங்களிலேயே பயனற்றுப் போயின. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களில் புகைபோக்கி அடுப்பின் பலனை நான்கு வருஷம் வரையில் தொடர்ந்து பார்த்து, ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை சொல்லுகிறது. முதல் வருஷத்தில் சமைப்போர் உட்கொண்ட புகை குறைந்தது. பிறகு அந்த நன்மை மறைந்துவிட்டது. அடுப்பைப் பழுது பார்ப்பாரில்லை; ஒழுங்காக உபயோகிப்பாருமில்லை.

ஆகவே குறை அடுப்பின் அமைப்பில் மட்டும் இல்லை. அதைக் கணக்கெடுக்கும் முறையிலும் இருக்கிறது. கட்டிய அன்று எண்ணிக் கையெழுத்திட்டால் எல்லா அடுப்பும் நல்ல அடுப்பே. கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சித் தலைவரும் ஏதேனும் ஒரு திட்டத்தில் அடுப்புக்குச் சான்று அளிக்க நேரிட்டால், அடுப்பு வைத்த தேதியில் அன்றி, ஒரு மழைக்காலம் கழிந்த பின் சென்று, அடுப்பு எரியும்போது சமையலறைக்குள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துச் சான்று அளிக்க வேண்டும். அவர் கண் கலங்காமல் வெளியே வருவாரானால் அந்த அடுப்பு கணக்கில் சேரலாம். இது விளையாட்டுப் பேச்சன்று. இதைவிட எளிய சோதனை வேறு இல்லை.

இனி அடுப்பை அமைக்கும் விதம். தமிழ்நாட்டுக் கொடியடுப்பைக் கண்டவருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. பெரிய அடுப்பின் அனல் உள்வழியாகச் சென்று கொடியடுப்பின் பானையையும் சுடவைக்கிறதல்லவா? அந்த அனல் கொடியைத் தாண்டிய பின் வெளியேற ஒரு குழாய் வைப்பதே புதிய ஏற்பாடு. புற்றுமண் அல்லது களிமண்ணோடு மணலும், பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து கட்டி, நிழலில் மெதுவாக உலரவிட வேண்டும். ஈரம் காயுமுன் பெருந்தீ மூட்டினால் வெடிப்பு விழும். வெடிப்பு வழியே புகை கசியும். பானைகள் கண்களில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டியது அவசியம். வீட்டிலுள்ள பானையின் அடியை அளந்து கண் வைப்பதை விட்டு, ஏதோ ஓர் அளவில் கொத்தனார் வைத்துப் போன கண்ணுக்குப் பானையைத் தேடுவது தலைகீழான காரியம். அளவு சொல்லவேண்டியவர் சமைப்பவரே.

குழாய் 4 அங்குலக் குறுக்களவுக்குக் குறையாமலும், கூரைக்கு மேல் குறைந்தது 2 அடியாவது உயர்ந்தும், மழை புகாதபடி தொப்பி வைத்தும் இருக்கட்டும். அருகே உயர்ந்த சுவரோ மரமோ இருந்தால் காற்று மோதிப் புகையைத் திருப்பி அடிக்கும். சுட்ட மண் குழாயோ சிமெண்டுக் குழாயோ ஏற்றது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் கிடைக்கிறதென்று எடுத்து அதை ரம்பத்தால் அறுக்கத் துணிய வேண்டாம். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருஷங்களுக்குப் பின் கேடு செய்யும்.

கூரை வீட்டுக்காரர் இரு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கீற்றையோ வைக்கோலையோ துளைத்துக்கொண்டு குழாயை மேலே ஏற்றவே கூடாது. மண்சுவரின் வழியாகச் சற்று மேல்நோக்கிய சாய்வில் வெளியே கொண்டுபோய், கூரை விளிம்பிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் விலக்கி நிமிர்த்த வேண்டும். வைக்கோற் போரும் விறகுப் பட்டறையும் குழாயின் காற்றுப் போக்கில் இருத்தலாகாது. சித்திரை வைகாசியில் ஒரு குடிசையில் பற்றிய தீ தெருவையே வாரிக்கொண்டு போவதைக் கிராமத்தார் அறிவார்கள்.

உபயோகிக்கும் முறையில் முக்கியமானது விறகு காய்ந்திருப்பது. வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டிய பிறகே சோற்றுக்குச் சூடு கிடைக்கும். பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மழை படாமல் ஆறு மாதம் வைத்த விறகு நன்றாக எரியும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஈர விறகை அடுப்பின் மேலுள்ள பரணில் உலர்த்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தீ விபத்துக்கு அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. தணல்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அவ்வாறே. சூட்டில் எழும் அதன் ஆவி, ஊற்றும் கையிலுள்ள பாட்டில் வரையில் பற்றிக்கொள்ளும். முதலில் சிறு சுள்ளி, பிறகு மெல்லிய விறகு என்று படிப்படியாக மூட்டுவதே சரி.

கொடியின் கண்ணைத் திறந்து போடுவதே பெரும்பான்மையான வீடுகளில் காணப்படும் தவறு. ஒரு பானைதான் ஏறுகிறது என்றால் மற்றொரு கண்ணைத் தட்டால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குழாயின் இழுப்பு கெட்டு, புகை முழுதும் அறைக்குள் திரும்பும். பிறகு, புகைபோக்கியால் பயனில்லை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவும். குழாயில் அடைப்புத் தகடு வைத்திருந்தால், தீ பிடித்து நிலைத்த பின் அதைச் சிறிது தாழ்த்திச் சூட்டைப் பானையோடு நிறுத்திக்கொள்ளலாம். தணல் அவியும் வரையில் அதை முழுதும் சாத்தலாகாது.

குழாய்க்குள் புகைக்கரியும், ஈர விறகினால் வரும் கீல் போன்ற பிசுபிசுப்பும் நாளுக்கு நாள் ஒட்டுகின்றன. ஒட்டியது வழியை அடைக்கும். பெருந்தீ மூட்டிய ஒரு நாளில் தானே தீப்பற்றிக் குழாயையும் பிளக்கும். தினமும் சமைக்கும் வீட்டில் மாதம் ஒருமுறையாவது, அடுப்பு நன்றாக ஆறிய பின், நீண்ட மூங்கில் நுனியில் தென்னை நார்க் கட்டைக் கட்டி மேலிருந்து கீழே துடைத்து இறக்க வேண்டும். குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு சிறு வாயும், அதற்கு மண் மூடியும் கட்டும்போதே வைப்பது உத்தமம். இவ்வேலை ஏணி ஏறிச் செய்யவேண்டியது. ஆகையால் வீட்டு ஆண்மக்களின் வேலை. கிணறு தூர் வாருவதற்கு நாள் குறிப்பவர் இதற்கும் நாள் குறிக்கலாம். அமாவாசைக்கு ஏர் பூட்டாத ஊர்களில் அந்த நாளே போதும்.

புகை போய்விட்டால் கூரையில் பூச்சி விழுமே, அடுப்புக்கு மேல் தொங்கும் விதைக் கதிர் கெட்டுவிடுமே என்று வயோதிகர்கள் சொல்லுவது முற்றும் பொய்யன்று. புகை பூச்சியை விரட்டுவது மெய்யே. ஆனால் விதைக்கு வேண்டியது நல்ல காய்ச்சல். அதை நன்றாக வெயிலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத கலத்தில் வைத்தும் பெறலாம். கூரைக்காக ஒரு பெண்ணின் நுரையீரலைக் கருக்க வேண்டியதில்லை.

விறகடுப்பும் எரிவாயு அடுப்பும் ஒரே அறையில் இருக்கும் வீடுகள் இப்போது அநேகம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் படரும். விறகின் தீயோ தரையில்தான் இருக்கிறது. இரண்டையும் ஓரிடத்தில் வைப்பதன் அபாயம் இதனால் விளங்கும். விறகடுப்பைத் தாழ்வாரத்திற்கோ தனிக் கொட்டகைக்கோ மாற்றுவது நல்லது. அதற்கு இடமில்லாத வீட்டில், விறகு எரியும்போது சிலிண்டரின் வால்வை மூடி வைக்க வேண்டும். சமைப்பவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளட்டும். நைலான் சேலை தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். தீக்காயம் பட்டுவிட்டால் மையும் மாவும் பூசாமல், குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விடாது ஊற்றி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரையிலும் உயிரோடிருக்கும். ஆகையால் அள்ளிய உடனே குப்பைமேட்டிலோ போரின் அருகிலோ கொட்டாமல், மூடியுள்ள மண்பானையில் இரண்டு நாள் ஆறவைத்து எடுக்க வேண்டும். அதில் பொட்டாஷ் சத்து இருப்பதால் தென்னைக்கும் வாழைக்கும் தனியே இடலாம். சாணக் குப்பையோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் அதைக் கலந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் இடுக.