யாருடைய வலி பட்டியலில் ஏறும்?

பட்டியல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல தோழர்களே. பட்டியலில் பெயர் இருக்கிறதா, சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று தாசில்தார் அலுவலக வாசலில் நின்று பழகியவர்கள் நாம். அதனால் அமெரிக்காவில் எந்தெந்த நோய்க்குக் கஞ்சாவை மருந்தாகத் தரலாம் என்ற பட்டியலைப் படிக்கும்போது, அது மருத்துவர்கள் மட்டும் எழுதிய தாள் அல்ல என்பது சட்டென்று புரிந்துவிடுகிறது.

1996இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் அனுமதித்தபோது புற்றுநோய், எய்ட்ஸ், கிளாக்கோமா, ஒற்றைத் தலைவலி என்று சொல்லிவிட்டு, கஞ்சா நிவாரணம் தரும் வேறு நோய்களுக்கும் கதவைத் திறந்தே வைத்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களின் தோழர்களும் போராடிப் பெற்றது அது. ஜார்ஜியா அவ்வளவு தாராளம் காட்டவில்லை. 2015இல் எட்டு நோய்களை மட்டும் எழுதியது. அதில் சிக்கிள் செல் ரத்தசோகையும் ஒன்று. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்களைத் தாக்கும் நோய். ஆனால் போதை குறைந்த கஞ்சா எண்ணெயை வைத்துக்கொள்ளலாம் என்ற அரசு, எங்கே வாங்குவது என்று சொல்லவில்லை. மாநிலத்துக்குள் விற்பனை தொடங்க 2023 ஆனது. அரசாணை வரும், நிதி வராது என்கிற நம்ம ஊர்க் கதைதான்.

சிக்கிள் செல் நோயில் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களை அடைக்கிறது. எலும்புக்குள் வலி குடைகிறது. வலி தாங்காமல் மருத்துவமனைக்கு ஓடும் கறுப்பின இளைஞரைப் போதைக்காக வந்தவர் என்று சந்தேகிப்பது அங்கே பழைய புகார். 1971 முதல் இந்த நோய்க்கு இலவசப் பரிசோதனை நடத்தியது கருஞ்சிறுத்தைகள் கட்சி. ஆம், மராட்டியத்து தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்ட அதே கட்சி. 1972இல் சிக்கிள் செல் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் நிக்சன். கஞ்சாவை மருத்துவப் பயனே இல்லாத போதைப்பொருள் வரிசையில் வைத்த 1970ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கையெழுத்துதான்.

கஞ்சா இந்த வலியைத் தீர்த்துவிடும் என்று நாம் வாதாடவில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 23 நோயாளிகள்தான். வலி குறிப்பிடும்படி குறையவில்லை, மனநிலை ஓரளவு தேறியது. தடைச் சட்டம் ஆய்வையும் நெரித்தால் இதற்குமேல் எப்படித் தெரியும்? கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். கைதாவதில் மட்டும் கறுப்பருக்கு 3.6 மடங்கு வாய்ப்பு. ஒன்றிய அரசின் உதவி பெறும் குடியிருப்பில் வீடு கேட்டால், மருத்துவ அட்டை இருந்தும் கஞ்சா காரணமாக மறுக்கலாம். ஆக, சொந்த வீடு உள்ளவருக்கே அட்டை முழுதாகப் பயன்படும்.

இங்கே? இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். மத்திய இந்தியாவில் தலித் மக்களிடமும் பரவலாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவைத் தடை செய்தது, பாங்கு இலையை விட்டுவைத்தது. யாருடைய பழக்கம் பண்பாடு, யாருடையது குற்றம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சாவை விடுங்கள், அதே சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினையே வைத்துக்கொள்ளவில்லை. 2014இல் திருத்தம் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் சிக்கிள் செல்லும் ஏறியது.

கூடலூர், பந்தலூர் பக்கம் களப்பணிக்குப் போகும் மாணவர்கள் இதை விசாரித்து எழுதுங்கள்: ஹைட்ராக்சியூரியா மாத்திரை மாதாமாதம் கிடைக்கிறதா, வலி வந்த இரவில் மார்ஃபின் தர எத்தனை கிலோமீட்டரில் ஆள் இருக்கிறார், ஊனச் சான்றிதழ் எத்தனை பேர் கையில் இருக்கிறது.