வேரில் முடிச்சு, உள்ளே எந்தப் புழு? பெயர் தெரியாமல் மருந்து போட்டு என்ன பயன்?

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் பன்னீர் திராட்சை போடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. கொடி சோர்ந்து போகும், இலை வெளுக்கும், கொத்து சிறுக்கும். வேரைத் தோண்டிப் பார்த்தால் மணி மணியாக முடிச்சு. "நூற்புழு விழுந்திருச்சு" என்பார்கள். கடையில் ஒரு குருணை மருந்து கொடுப்பார்கள், வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த கவாத்துக்குத் தயாராகிவிடுவார்கள்.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எந்த நூற்புழு?

"எதுவா இருந்தா என்னங்க, புழு புழுதானே?" என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் படித்தது ஊடகவியல். பிசிஆர் என்ற வார்த்தையே கொரோனா காலத்தில்தான் அறிமுகம். ஆனால் இதைப் படிக்கப் படிக்க, பெயர் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது எவ்வளவு காசை மண்ணில் கொட்டுவது என்று புரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடி என்றாலே கொய்யா. அங்கே மரங்கள் வாடிக் காய்ந்தன. வேரில் அதே முடிச்சு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து, இது 'மெலாய்டோகைன் என்டரோலோபி' என்ற இனம் என்று 2016-ல் பதிவு செய்தார்கள். நம் ஊரில் வழக்கமாக இருக்கும் வேர்முடிச்சு நூற்புழு 'இன்காக்னிட்டா'. வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பாதிப்பில்தான் வித்தியாசம். தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்க 'எம்ஐ-1' என்ற மரபணு உள்ள ரகங்கள் இருக்கின்றன. இன்காக்னிட்டாவை அது தடுக்கும், என்டரோலோபியிடம் அதன் வேலை பலிக்காது. அதாவது, கூடுதல் விலை கொடுத்து "எதிர்ப்புத்திறன் ரகம்" வாங்கி நட்டவரின் தோட்டத்தில் இருப்பது என்டரோலோபி என்றால், அந்தப் பணம் போச்சு.

இந்த என்டரோலோபி பெயர் பெற்ற கதையும் சுவாரஸ்யம். 1983-ல் சீனாவின் ஹைனான் தீவில், நம்ம ஊர் தூங்குமூஞ்சி மரத்துக்குச் சொந்தக்கார மரம் ஒன்றின் வேரிலிருந்து எடுத்து விவரித்தார்கள். மரத்தின் பெயரே புழுவுக்கும் வந்தது. ஐந்து வருஷம் கழித்து போர்ட்டோ ரிக்கோவில் கத்தரி வேரில் ஒரு புழு கிடைத்தது. அதைப் புது இனம் என்று சொல்லி வேறு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியாக வருஷக்கணக்கானது.

<b>எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?</b>

பழைய வழி, உடற்கூறு. முடிச்சைப் பிளந்தால் உள்ளே பேரிக்காய் வடிவில் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளைப் பெண் புழு இருக்கும். அதன் பின்பகுதியை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வரிவரியாக ஒரு கோலம் தெரியும், நம் கைரேகை மாதிரி. இன்காக்னிட்டாவுக்கு மேல்வளைவு உயரமாக, கொஞ்சம் சதுரமாக இருக்கும். என்டரோலோபிக்குப் பொதுவாக வட்டமாக இருக்கும். "பொதுவாக" என்பதுதான் சிக்கல். சில நேரம் இரண்டும் ஒன்றின் கோலத்தை ஒன்று போட்டுக்கொண்டு நிற்கும். அனுபவசாலிக்கே குழப்பம் வரும்.

அங்கேதான் டிஎன்ஏ கைகொடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பிசிஆரில் பெருக்கினால் என்டரோலோபிக்குச் சுமார் 700 எழுத்து நீளத்தில் வரும், இன்காக்னிட்டாவுக்கு 1,500-க்கு மேல் போகும். நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்போ நுண்ணோக்கியை மூட்டை கட்டிவிடலாமா? முடியாது. இதற்கு நல்ல உதாரணம் மரத்துக்குள்ளேயே வாழும் பைன் மர நூற்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஜப்பானில் நாகசாகி பக்கம் பைன் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாவதை 1905-லேயே எழுதி வைத்தார்கள். காரணம் நூற்புழு என்று நிரூபிக்க 1971 ஆனது. அடுத்த வருஷம் அதற்குப் புது இனம் என்று பெயரும் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், அமெரிக்காவின் லூசியானாவில் வெட்டிய மரத்துண்டிலிருந்து 1934-லேயே இதே புழுவை விவரித்துப் பெயர் வைத்திருந்தார்கள்! 1981-ல்தான் இரண்டு பெயரும் ஒன்றானது. அந்தப் புழு எங்கிருந்து ஜப்பானுக்கு ஏறி வந்தது என்ற கேள்விக்கும் அதன் பிறகுதான் பதில் கிடைத்தது.

இதற்கு அதிகம் தீங்கு செய்யாத ஒரு சகோதர இனம் உண்டு. பெண் புழுவின் வாலைப் பார்ப்பார்கள். வால் உருண்டையாக இருந்தால் ஆபத்தான இனம், நுனியில் சின்ன முளை இருந்தால் சகோதரன். ஆனால் ஆபத்தான இனத்திலேயே முளை வைத்த வால் கொண்ட கூட்டமும் இருக்கிறது. மாதிரியில் குஞ்சுப் புழுக்கள் மட்டும் கிடைத்தால் வாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டிஎன்ஏதான் வழி.

இப்போது மறுபக்கம். ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டி, பலகையில் 'எச்டி' என்று முத்திரை பார்த்திருப்பீர்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த விதி வந்ததற்கு இந்தப் புழுவும் ஒரு முக்கியக் காரணம். சூட்டில் புழு செத்துவிடும், அதன் டிஎன்ஏ மிச்சம் இருக்கலாம். பிசிஆர் "இருக்கு" என்று சொல்லும். உயிரோடு நெளிகிறதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

பைன் நமக்கு கொடைக்கானலில் போட்டோ எடுக்கும் இடம், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். தென்னையை அப்படி விட முடியுமா? அதே குடும்பத்து இன்னொரு புழு கரீபியன் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் தென்னைக்குள் புகுந்து சில மாதங்களில் மரத்தையே கொல்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே சிவப்பாக ஒரு வளையம் தெரியும். அதைச் சுமந்து செல்வது ஒரு கூன்வண்டு, நம் தோப்புகளில் குடைகிற சிவப்புக் கூன்வண்டுக்கு நெருங்கிய உறவு. அந்தப் புழு இங்கே வரவில்லை. வந்தால் முதல் மரத்திலேயே பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க மாவட்டத்தில் வசதி இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. நீலகிரி உருளைக்கிழங்கில் 1961-ல் தங்க நிற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தபோது அது ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. விதைக்கிழங்கை மலையை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. இன்றுவரை அது அங்கிருந்து போகவில்லை.

<b>மண் அட்டையில் ஏன் இல்லை?</b>

2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவீடுகள் உண்டு. தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், போரான் என்று நீளும் பட்டியலில் நூற்புழுவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. திராட்சை, வாழை, தக்காளி என்று நூற்புழு விரும்பிச் சாப்பிடும் பயிர்களாகவே நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கில், மண்ணில் போரான் எவ்வளவு என்று அட்டை சொல்கிறது, வேரைத் தின்பது யார் என்று சொல்வதில்லை. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடினோம். அந்தக் கொடியின் வேருக்கும் கொஞ்சம் செலவு செய்யலாமே.

நான் கேட்பது பெரிய ஆய்வகம் இல்லை. மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு நுண்ணோக்கி, புழுவைப் பார்க்கத் தெரிந்த ஒருவர், சந்தேகம் வந்தால் மட்டும் டிஎன்ஏ பரிசோதனைக்குக் கோவைக்கு அனுப்ப ஒரு ஏற்பாடு. இதில் கஷ்டம் இரண்டாவதுதான். பிசிஆர் இயந்திரத்தைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம், வால் நுனியைப் பார்த்து இனம் சொல்லும் கண்ணைப் பழக்க வருஷங்கள் ஆகும். டிஎன்ஏ தரவுத்தளத்தில் பெயர் எழுதியதும் அந்தக் கண்கள்தான். அங்கே தப்பான பெயர் ஏறிவிட்டால் இயந்திரமும் அதே தப்பைத்தான் திருப்பிச் சொல்லும்.

அதுவரை தோட்டக்காரர்கள் செய்யக்கூடியது இது. செத்த கொடியிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் புழு இருக்காது. வாடத் தொடங்கிய கொடியின் அடியில் நாலைந்து இடங்களில், மேல்மண்ணை விலக்கி, ஈரமான மண் கால் கிலோவும் அதோடு சல்லிவேர் ஒரு கைப்பிடியும் எடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் வையுங்கள். பயிர், ரகம், ஊர், தேதி எழுதிய சீட்டை பைக்குள்ளே போட்டால் ஈரத்தில் அழிந்துவிடும், வெளியே கட்டுங்கள். வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்திலோ வேளாண் அறிவியல் மையத்திலோ கொடுக்கும்போது "நூற்புழு இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த இனம்?" என்றும் கேளுங்கள்.