பெயர் வைத்தவருக்கே கணக்கில்லை

வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும்போது எண்கள்தான் முந்திக்கொண்டு வரும். எத்தனை கோல், எத்தனை விக்கெட்? அந்த எண்ணை யார், எப்படி எழுதுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அமெரிக்கக் காற்பந்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

அங்கே தற்காப்பு ஆட்டக்காரர் கொண்டாடுவது 'சேக்'. பந்தை வீச நிற்கும் குவார்ட்டர்பேக்கை, அவர் வீசுவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்துவது. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. 2001இல் மைக்கல் ஸ்ட்ராஹன் படைத்த அன்றைய சாதனை 22.5 என்று அரையில் நின்றது அதனால்தான்.

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர், லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் குழுவில் புகழ்பெற்ற டீக்கன் ஜோன்ஸ். ஒரு நகரைச் சூறையாடுவது போன்றது என்று விளக்கமும் தந்தார். 1961 முதல் 1974 வரை ஆடினார். ஆனால், என்எஃப்எல் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் சேக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். ஆக, அதிகாரபூர்வ ஏட்டில் அவருக்கு ஒரு சேக்கூட இல்லை! பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைப் புரட்டி எண்ணியபோது 173.5 வந்தது.

பந்தோடு ஓடுபவரை வீழ்த்தும் 'டேக்கல்' கணக்கு இன்னும் வேடிக்கை. தனியாக வீழ்த்தினாரா, இன்னொருவருக்குத் துணை நின்றாரா என்பதை அரங்கில் இருக்கும் கணக்காளர்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஓர் அரங்கில் கை தாராளம். இன்னோர் அரங்கில் சிக்கனம்.

கணக்கில் ஏறாத வேலையும் உண்டு. எதிரணியினர் இருவரைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் நடுவரிசைக்காரருக்கு சேக் கிடைக்காது. அதனால் திறந்த வழியில் பாய்ந்தவருக்குக் கிடைக்கும். திறமையான கார்னர்பேக் நிற்கும் பக்கம் எதிரணி பந்தையே வீசாது. வராத பந்தை அவர் எப்படிப் பறிப்பார்?

எங்கள் வேலையும் அப்படித்தான். நேயர்கள் பாராட்டுவது என் குரலை. அந்தக் குரல் தெளிவாகக் கேட்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது.

உங்கள் அலுவலகத்திலும் கேபிஐ படிவம் வரும். யாருடைய கட்டமாவது காலியாக இருந்தால், அவர் சும்மா இருந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் செய்த வேலைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.