அமுக்கு... பிடி... விடாதே!

மலை இறங்கும்போது சிக்கனம் பார்க்கக் கூடாது சார். நான் பார்த்தேன். பி.காம். படித்த பாவம்!

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்குகிறேன். செகண்ட் ஹாண்ட் கார். பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் மகள். 'இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்' என்று நியூட்ரலில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தே கழித்துவிடத் திட்டம். பாதி வழியில் பெடல் கொழகொழவென்று ஆனது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை.

"ஏங்க இவ்ளோ வேகமாப் போறீங்க?"

"சு... சும்மாதான்."

எப்படியோ செகண்ட் கியரைத் திணித்து, ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி கழித்து மிதித்தால், பெடல் ஒன்றுமே நடக்காதது போல கெட்டியாக இருக்கிறது!

"பிரேக் ஆயில் எப்ப சார் மாத்தினீங்க?" என்றார் சேலம் மெக்கானிக்.

"அதையெல்லாமா மாத்துவாங்க?"

வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் என்றால் புதுசில் 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே அது 140 வரை இறங்கிவிடலாம். விடாமல் மிதித்தால் சக்கரத்தருகே அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் கால் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் ஆவி மறுபடி திரவம், பெடல் மறுபடி சாது!

புது ஆயில் ஊற்றி 'ஏர் எடுக்க' ஆரம்பித்தார். பெடலில் நான், சக்கரத்தடியில் அவர். நிப்பிளில் ஒரு கண்ணாடி டியூப். அதன் மறுமுனை பாட்டிலிலுள்ள ஆயிலில் முங்கியிருக்கிறது.

"அமுக்குங்க... பிடிங்க... விடாதீங்க!"

நிப்பிளைத் திறந்ததும் பெடல் இறங்குகிறது. டியூபில் குமிழிகளோடு காப்பி நிறத்தில் பழைய ஆயில். நிப்பிளை மூடின பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். நான் எடுத்தேன். திட்டும் வாங்கினேன். மேலே டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொண்டே, குமிழி நின்று தெளிவாக வரும்வரை நாலு சக்கரத்துக்கும் இதே பூஜை.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. மூடியில போட்டிருக்கிற நம்பர் ஆயில்தான் ஊத்தணும். லெவல் மெள்ள இறங்கினா பேட் தேயுது, திடீர்னு இறங்கினா எங்கேயோ லீக். மலை இறங்கறப்ப நியூட்ரல் வேணாம் சார், ஏறின கியர்லயே இறங்குங்க."

அன்று இரவு கணக்கு எழுதினேன். வரவு: சில ரூபாய் பெட்ரோல். பணயம்: மூன்று உயிர். எப்படிக் கூட்டியும் டேலி ஆகவில்லை.

எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "காருக்கு ஏர் எடுத்தாச்சு. உங்க மண்டையில நிப்பிள் எங்கே இருக்குன்னு அவர்கிட்ட கேக்க மறந்துட்டேன்!"