காணாக்கடிக்குச் சுவரா காரணம்?

மழை மாதங்களில் கோப்பெங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் சுவர் வேர்க்கும், தலையணையில் பூசணம் பூக்கும். அதே சமயம் உடம்பில் தடிப்பும் அரிப்பும் கண்டால், "டிரெசரய்யா, எல்லாம் இந்தச் செவுத்துப் பூசணந்தான்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். என் அபிப்பிராயம் வேறு.

பூசணத் தூள் மூச்சில் போனால் தும்மல், மூக்கடைப்பு, இழுப்பு வரலாம். இதில் சந்தேகம் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் பற்றித் தனி நூலே வெளியிட்டது. காணாக்கடி சங்கதி அப்படியல்ல. 6 வாரத்துக்கு மேல் எழும்பி எழும்பி மறையும் தடிப்புக்கு வெளிப்பொருள் ஒவ்வாமை காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்கு உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தோலுக்குள் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது. சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்திருக்கும். மேல்வலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின், புரூஃபென் இதைக் கிளறிவிடுவதும் உண்டு. தோலில் ஊசி குத்திச் சோதித்துப் பூசண ஒவ்வாமை இருக்கிறது என்று வந்தாலும், தடிப்புக்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது.

படர்தாமரையோடு குழப்ப வேண்டாம். அது தோலிலேயே பிடிக்கும் பூசணம். ஒரே இடத்தில் நின்று படரும். காணாக்கடி இடம் மாறும். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் அங்கேயே நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்குக் கோபம் சுவர் மேல் அல்ல, நாம் மருந்து வாங்கும் பழக்கத்தின் மேல்தான். பிரிட்டோன் மஞ்சள் மாத்திரை போட்டால் அரிப்பு அடங்கும், தூக்கமும் வரும். விடிந்தால் பால்வெட்டுக் கத்தியோ செம்பனை அரிவாளோ பிடிக்கிற கை அது! செட்டிரிசின், லோராட்டடின் மாத்திரைகளில் தூக்கம் குறைவு. அரித்த அன்றைக்கு மட்டும் போட்டால் போதாது, டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிட வேண்டும். பேர் தெரியாத ஜாமுவைக் குடித்துவிட்டு, "ரெண்டே நாள்ல கேட்டுப்போச்சு" என்பவர்களும் உண்டு. கேட்கத்தான் செய்யும்! சில ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தொடர்ந்து குடித்தால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும்; திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், 999-க்கு அடியுங்கள்.

அதற்காக ஒழுகுகிற கூரையை விட்டுவிடச் சொல்லவில்லை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி, தோட்ட வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் மனுவில் அதை எழுதுங்கள். காணாக்கடியை எழுதினால் டாக்டர் சர்டிபிகேட் கிடைப்பது கஷ்டம்.